எண்ணெய் வைத்த குளம்

ஸ்டீல்ஸ் வீதியில் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை, கையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்த சமையற்கூடம் இரண்டு மணி நேர நடைத் தூரத்தில் பின்னால் போய்விட்டது. றோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் பொரித்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். அங்கே ஏழு மாதம் எண்ணெய்ச் சட்டி கழுவினேன். புகைபோக்கி துடைப்பதும் கழிவெண்ணெய்த் தொட்டி வழிப்பதும் என் வேலைதான். முதலாளி கெட்டவர் இல்லை, சண்டையும் நடக்கவில்லை. அந்த வியாழக்கிழமை காலை தொட்டியின் மூடியைத் திறந்தபோது, இதை இன்னொரு முறை திறக்க என்னால் முடியாது என்று தோன்றியது. ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு, சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். படுத்த அறையும் அந்தக் கூடத்துக்கு மேலேதான் இருந்தது. ஆகவே வேலையையும் வீட்டையும் ஒரே நடையில் விட்டாயிற்று. எனக்கு இது புதிதல்ல.

கால் நோகத் தொடங்கியதும் பஸ் எடுத்தேன். பஸ்ஸில் இருக்கப் பொறுமை இல்லாமல் இடையில் இறங்கி மறுபடி நடந்தேன். மார்க்கம் பக்கம் வந்தபோது பகல் இரண்டு மணி இருக்கும். ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில், அறுபதை நெருங்கிய ஒரு பெண் வெள்ளை வாளி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காரின் பின்பெட்டிக்குள் அதைத் தூக்கி வைக்க வேண்டும். பாதி உயர்த்துவார், இடுப்பைப் பிடிப்பார், திரும்பக் கீழே வைப்பார். என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"தமிழா மனே?"

மனே என்றதிலேயே மட்டக்களப்பு என்று தெரிந்துவிட்டது. ஓம் என்று சொல்லி வாளியைத் தூக்கி வைத்தேன். உள்ளே இருபது கிலோ குளோரின். இந்தக் கோடைக்கு இது மூன்றாவது வாளி என்றார், ஆனாலும் வீட்டு நீச்சல் குளம் பால் மாதிரித்தான் கிடக்கிறது என்றார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்தப் பதிலைக் கேட்டால் ஆட்கள் வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் என் பையைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் பார்த்தார்.

"நீச்சல் குளத்தைப் பத்தி ஏதும் தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்தது கிணறு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபிறகு ஒன்றரை வருடம் கிணறு இறைக்கிற ஆட்களோடு திரிந்திருக்கிறேன். குளமும் தண்ணீர்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்தபடியால்தான் காரில் ஏறினேன். போகிற வழியில் அன்ரியிடம் கிணற்றுக் கதையையும் சொன்னேன்.

வீடு யூனியன்வில்லில். பின்வளவு முழுக்கக் குளம்தான். குறுக்கே நீலமும் வெள்ளையுமாக மிதவைகள் கோத்த ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், அந்தப் பக்கம் ஒன்பது அடி. ஆழமான பக்கத்தின் அடியில் இரண்டு கறுத்த வட்ட மூடிகள் இருப்பதாக அன்ரி சொன்னார். வடிகால் மூடிகள். இரண்டும் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தால்தான் ஆட்களைத் தண்ணீருக்குள் விடுவது அவருடைய சட்டம். கலங்கின தண்ணீரில் ஒருவர் தாழ்ந்துபோனால் கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. இந்தச் சட்டத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அன்ரி மட்டக்களப்பு வாவியில் சின்ன வயதிலேயே நீந்திப் பழகியவர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். குளத்தை மண் போட்டு நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் நடவேண்டும் என்று அவர் ஒவ்வொரு கோடைக்கும் சொல்வாராம். அதைத் தடுக்கத்தான் அன்ரி சனிக்கிழமைகளில் ஆறு பெண்களுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினாராம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பொதுக் குளங்களுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவருக்கு இந்தச் சனிக்கிழமைதான் கடைசி. மகன் மேற்கே கல்கரிக்கு வேலை மாறிப் போய்விட்டான், அம்மாவும் வரவேண்டும் என்று நிற்கிறான். திங்கட்கிழமை விமானம். அவர் கோடை முழுக்கப் பழகி மிதப்பார், கயிறு வரை நீந்துவார். கயிற்றைத் தொட்டதும் திரும்பிவிடுவார். மூன்று கிழமைக்கு முன் ஒரு கை அந்தப் பக்கம் போட்டாராம். அடுத்த சனி தாண்டுகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். அடுத்த சனியே தண்ணீர் கலங்கிவிட்டது. அதற்கடுத்த சனியும் அப்படித்தான்.

"அவ அங்க போனா இனி எந்தக் குளத்துல இறங்கப் போறா? நாளண்டைக்குக் காலம பத்து மணிக்கு வருவா. அதுக்குள்ள எனக்கு அந்த ரெண்டு மூடியும் தெரியணும்."

நான் குளத்தைச் சுற்றி நடந்தேன். தண்ணீர் பச்சை இல்லை, பாசி மணமும் இல்லை. சவர்க்காரம் கரைத்த மாதிரி ஒரு மங்கல். குளோரின் வாளிகளோடு, தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று கடையில் கொடுத்த நீலத் திரவத்தையும் இரண்டு போத்தல் ஊற்றியிருந்தார். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தால் குளோரின் சரியாக இருந்தது. காரத்தன்மை மட்டும் கொஞ்சம் கூட. கொட்டகைக்குள் வடிகட்டி நின்றது. உள்ளே மணல் நிரப்பின பெரிய உருளை அது, குளத்துத் தண்ணீர் அந்த மணலுக்குள்ளால் போய்த் திரும்பி வரும். அதன் அழுத்தமானியில் முள் சிவப்புக்குள் நின்றது. மணல் எதனாலோ அடைத்திருக்கிறது.

திரும்பி வந்து குளத்தின் விளிம்பில் குந்தினேன். தண்ணீர் முட்டுகிற மட்டத்தில் சுற்றிவர ஒரு மண்ணிறக் கோடு. விரலை வைத்தேன், வழுக்கியது. ஏழு மாதம் அந்த வழுக்கலோடுதான் வாழ்ந்திருக்கிறேன். முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், அதற்குள்ளே கறிவேப்பிலையும் வெந்தயமும்.

நீந்த வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிறார்களா என்று கேட்டேன். அன்ரி, வைக்காமல் எப்படி என்றார். குளோரின் முடியைத் தின்றுவிடும் அல்லவா? நன்றாக ஊற வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டுதான் எல்லோரும் இறங்குவார்களாம். எண்ணெய் காய்ச்சிப் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து கொடுப்பவர் அந்தக் கல்கரி அன்ரிதான். சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கிவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆறு தலை, பத்துச் சனிக்கிழமை. அத்தனை எண்ணெயும் மணலில் போய் இருந்துகொண்டது. எண்ணெய் பிடித்த மணல் அழுக்கைப் பிடிக்காது, விட்டுவிடும். அதற்குமேல் எத்தனை வாளி குளோரின் கொட்டினாலும் தண்ணீர் கலங்கித்தான் கிடக்கும். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவுகிற மாதிரி அது.

எனக்குப் பெரிய உற்சாகம் வந்துவிட்டது. எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்த விஷயம். வடிகட்டியைத் திறந்து கையை விட்டேன். மணல் கொழுக்கட்டை மாதிரி உருண்டை உருண்டையாக வந்தது. குசினியில் இருந்த பாத்திரம் கழுவும் திரவத்தைப் பெரிய போத்தலோடு வாங்கி உள்ளே ஊற்றினேன், கையால் பிசைந்தேன், மூடினேன். வடிகட்டியின் கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் போகிற வழி மாறும். அதைச் சுற்றி ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் எழுதியிருந்தன. எனக்கு இரண்டு போதும் என்று முடிவெடுத்தேன். தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவினேன். பிறகு குளத்துக்குத் திருப்பினேன். இரண்டுக்கும் நடுவே அலசுவதற்கென்று ஒரு சொல் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. வேலை முடிந்த திருப்தியில் பேஸ்மென்றில் அன்ரி காட்டிய கட்டிலில் போய்ப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை குளத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு நுரை நின்றது. காற்றுக்கு அதில் ஒரு துண்டு பிய்ந்து பக்கத்து வளவுக்குள் மிதந்து போனது. அன்ரி வேலிக்கருகில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

வந்தவர் கல்கரி அன்ரி. அறுபத்தைந்து வயது, சின்ன உருவம், இடுப்பைத் தாண்டுகிற பின்னல். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் பதினொரு பேரோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தவர். பிறகு முப்பது வருடம் தைப்பு ஆலையில் வேலை. குளம் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எனக்கென்று இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு எண்ணெய்ப் போத்தலும் இருந்தது. நுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கிணத்துக்காரன் எண்டு சொன்னாங்கள். பாத்தா டோபி மாதிரி எல்லோ இருக்கு."

மட்டக்களப்பு அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போனார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நீயே சொல்லு என்று அதற்கு அர்த்தம். கோடை முழுக்கக் கிடைத்த பரிசைப் பற்றி, ஊரைவிட்டுப் போகிறவரிடம் அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

கல்கரி அன்ரி போத்தலை என் கையில் தந்து, உன் தலை வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது, இதைப் பூசு என்றார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. தண்ணி கலங்கினது இதாலதான்."

"எதால?"

"உங்கட எண்ணெயால."

அவர் முகம் இறுகியது. "முப்பது வருசமா இதைத்தான் வைக்கிறன். ஒருத்தருக்கும் ஒரு தலைமயிர் கொட்டினதில்லை."

"தலைக்கு ஒண்டும் செய்யாது அன்ரி. உள்ளுக்க இருக்கிற மணலுக்குத்தான் செய்யுது."

வாதாடிப் பயனில்லை என்று ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். போத்தலைத் திறந்து ஒரே ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விரிந்தது, வெயிலில் மயிற்கழுத்து நிறம் காட்டியது, வாளியின் விளிம்பு வரை போய் ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விரலை விட்டுக் கலக்கினார். அது இரண்டாகப் பிரிந்து திரும்பச் சேர்ந்தது.

"அப்ப நானேதான் எனக்கு மறிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்," என்றார். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்குத் தெளியுமோ?"

தெரியாது என்றேன். அந்த நுரைக்கு முன்னால் நின்று வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தார். மற்ற ஐந்து பேரையும் வரிசையாக அழைத்தார். இன்றைக்கே ஷாம்பூ போட்டு முழுக வேண்டும், நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. நான்கு பேர் சரி என்றார்கள். ஸ்காபரோவில் இருந்த ஒருவர் மட்டும், நீங்கள்தானே வைக்கச் சொன்னீர்கள் என்று வாதாடினார் போல.

"ஒரு நாள் வைக்காட்டி ஆரும் மொட்டையாப் போறேல்லை. நாளைக்கு நான் கயித்தைத் தாண்டோணும், விளங்குதோ?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தன்னுடைய பின்னலைக் கையில் எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

இரண்டு அன்ரிமாரும் நானும் அதே பிளாசாவின் குளக் கடைக்குப் போனோம். அங்கே நின்ற இளம்பெண்ணுக்கு என் கைப்பேசியில் இருந்த நுரைப் படத்தைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள், பிறகு இன்னொருமுறை சிரித்தாள். ஆனால் வேலை தெரிந்தவள். மணலில் பிடித்த எண்ணெயைக் கரைக்க ஒரு திரவம், நுரையை அடக்க ஒன்று, காரத்தன்மையைக் குறைக்க ஒரு தூள். ஒன்றையும் இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்று மூன்று தரம் சொன்னாள். கடைசியாக ஒரு பை வெள்ளைத் தூளைக் கொண்டுவந்து வைத்தாள். இது தண்ணீரில் இருக்கிற மங்கலை எல்லாம் திரட்டி அடிக்குக் கொண்டுபோய்விடும் என்றாள்.

பையைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். சீனக்காரம், படிகாரம் என்றும் சொல்வார்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் பவுசர் லொறியில் வருகிற சேற்றுத் தண்ணீரை இதைக்கொண்டுதான் குடிக்கிற தண்ணீராக்கினோம். கட்டியைக் கையில் பிடித்து வாளிக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் சேறு கீழே போய்விடும். மேலால் மெதுவாக மொள்ள வேண்டும், ஆட்டக் கூடாது. ஆட்டினால் அன்றைக்குத் தாகம்தான். இதை ஆயிரம் தரம் செய்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வாளியில் செய்ததில்லை.

அன்று முழுவதும் வேலை. நுரையை வலையால் வழித்துப் புல்லில் கொட்டினோம். கொஞ்சத் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டோம். எண்ணெய் கரைக்கும் திரவத்தில் மணல் பின்னேரம் வரை ஊறியது. கல்கரி அன்ரி போக மறுத்துவிட்டார். வீட்டில் பெட்டி கட்டக் கிடக்கிறது என்று மட்டக்களப்பு அன்ரி சொல்லியும் கேட்கவில்லை. பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு குந்தியிருந்து, விளிம்பில் இருந்த எண்ணெய்க் கோட்டைச் சுற்றிவரத் தேய்த்தார். "என்ர எண்ணெய், நானே எடுக்கிறன்," என்றார். வடிகட்டியின் ஆறு சொற்களையும் மட்டக்களப்பு அன்ரி எனக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். இந்தமுறை அலசுவதை விடவில்லை. தண்ணீர் கண்ணாடி போல வரும்வரை அலசினேன். முள் சிவப்பைவிட்டு இறங்கியது.

வெயில் சாய்ந்தபிறகு சீனக்காரத்தை வாளியில் கரைத்து நாலு பக்கமும் வீசினேன். வடிகட்டிக்குள் போகாமல் பம்பை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு எழும்பிப் போய்ப் பார்த்தேன். மேல் தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் மட்டும் சோற்றுக் கஞ்சி உறைந்த மாதிரி ஒரு வெள்ளைப் படை. மூடிகள் இரண்டும் அதற்குக் கீழே எங்கோ. நீண்ட தடியில் உறிஞ்சியைக் கொழுவி, தண்ணீர் குளத்துக்குத் திரும்பாமல் வெளியே போகிற மாதிரிக் கைப்பிடியைத் திருப்பி, மெல்ல மெல்லத் தள்ளத் தொடங்கினேன். ஒரு அடி போக ஒரு நிமிடம். முதல் மூடி எட்டரைக்குத் தெரிந்தது. எனக்கு அவசரம் வந்துவிட்டது. இரண்டாவதை நோக்கித் தடியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பி ஆழப் பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டது.

பத்து மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். நீளக் கை ரீஷேர்ட், கணுக்கால் வரை காற்சட்டை, கையில் துவாய். ஆறு தலையும் பஞ்சு மாதிரிப் பறந்துகொண்டிருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்காபரோக்காரி, மின்சாரம் பிடித்தவள் மாதிரி இருக்கிறேன் என்று முறைப்பட்டுக்கொண்டே வந்தார். கல்கரி அன்ரி நேராகக் குளத்தின் ஆழப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஒண்டுதான் தெரியுது."

ஒன்று தெரிந்தால் போதாதா, இத்தனை பேர் நிற்கிறோமே என்று ஸ்காபரோக்காரி கேட்டார். மட்டக்களப்பு அன்ரி தலையை ஆட்டினார்.

"ரெண்டும் தெரியணும். பேசாம இரிகா."

நான் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புகை படியும் வரை அரை மணி நேரம் தடியைத் தொடாமல் நின்றேன். ஓடித் திரிந்தே பழகியவனுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய தண்டனை. கல்கரி அன்ரி ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடியப்பம் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.  பிறகு திரும்பவும் தடியை எடுத்தேன். இந்தமுறை முகாமில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி.

பதினொன்றரைக்கு இரண்டாவது மூடி தெரிந்தது. முதலில் ஒரு நிழல், பிறகு வட்டம், பிறகு அதில் இருந்த ஓட்டைகள்கூட எண்ணலாம் போல. மட்டக்களப்பு அன்ரி சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். அவரே முதலில் இறங்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்ற இடத்திலேயே காலடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கல்கரி அன்ரி படியால் இறங்கினார். தாரா வாத்து மாதிரி தலையை மேலே வைத்துக்கொண்டு மெதுவாக நீந்தினார். கயிறு வந்ததும் நின்றார். கையால் மிதவையைப் பிடித்தார். கரையில் ஐந்து பேரும் விளிம்புக்கு வந்தார்கள். அவர் கீழே பார்த்தார். அந்த இரண்டு கறுத்த வட்டங்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றைத் தலைக்கு மேலால் தூக்கி, அதற்குக் கீழே புகுந்து, அந்தப் பக்கம் போனார். நாலு கை, ஐந்து கை, ஏழு கை. அங்காலச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இருமினார், மூக்கைத் துடைத்தார்.

"ஆழம் ஒண்டும் செய்யேல்லை," என்றார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த சத்தத்தை எழுத முடியாது. இன்னும் இரண்டு பேர் கயிற்றைத் தாண்டினார்கள். ஸ்காபரோக்காரி தாண்டவில்லை, ஆனால் தாண்டியவர்கள் எல்லோருக்கும் கரையில் நின்று பிழை சொன்னார். தண்ணீர் கலங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கார அங்கிள் வந்து சேர்ந்தார். குளத்தைப் பார்த்துவிட்டு, கத்தரித் தோட்டம் இந்த வருடமும் போச்சு என்றார். கல்கரி அன்ரியின் வீட்டுச் சாமான்களை வாடகை லொறியில் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்தான் ஒரு கிழமை லீவு போட்டிருந்தார். கூட வருவதாக இருந்தவனுக்கு நாரி பிடித்து இடுப்பை அசைக்க முடியாதாம். பெட்டி தூக்க ஆளில்லை. கல்கரி அன்ரி ஈரத் தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு என்ன செய்யிறாய்?"

ஒன்றும் இல்லை என்றேன். மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் கிட்ட ஓட வேண்டும், அலுப்பில்லையோ என்று அங்கிள் கேட்டார். எனக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்கரி அன்ரி வீட்டில் அந்த வேலையைத் தொடங்கினேன். சோபா, கட்டில், தையல் இயந்திரம், முப்பத்தொரு பெட்டி. கடைசிப் பெட்டியை அன்ரி தானே கொண்டுவந்தார். உள்ளே ஒரு டசின் எண்ணெய்ப் போத்தல், ஒவ்வொன்றும் பழைய துவாயில் சுற்றியிருந்தது. பின்னால் ஏற்ற வேண்டாம், உடைந்துவிடும், மடியில் வைத்துக்கொண்டு போ என்றார். அங்கிள் லொறியைக் கிளப்பினார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன்.